நஜ்ஜாஷி திருப்பி அனுப்பியது எதை?

திரும்புதல் என்பது இனிய சொல். வெளியூர் சென்றவர் வீடு திரும்புகிறார். ஹஜ்ஜுக்குச் சென்றவர் ஊர் திரும்புகிறார். புறப்பட்ட இடத்தை மீண்டும் வந்தடைவதே திரும்புதல். ஐரோப்பிய ஒன்றியம் இன்று இந்தச் சொல்லைத் தன் சட்டத்தின் தலைப்பாக்கி, அதற்கு நேர்மாறான பொருளை அதனுள் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

வதிவிட உரிமை இல்லாத வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புவதற்கென 2008ஆம் ஆண்டில் ஒன்றியம் ஒரு சட்ட நெறிமுறையை இயற்றியது. அதன்படி ஒருவரை 18 மாதங்கள் வரை தடுப்புக்காவலில் வைக்கலாம். வெளியேற்றிய பின் பொதுவாக 5 ஆண்டுகள் வரை மீண்டும் நுழையத் தடை விதிக்கலாம். அப்போதே அதனை வெட்கக்கேடான சட்டம் என்று கண்டித்தவர்கள் பலர். அது போதாதென்று 2025 மார்ச் 11 அன்று ஐரோப்பிய ஆணையம் புதிய ஒழுங்குவிதி ஒன்றை முன்வைத்தது. தடுப்புக்காவல் 24 மாதங்கள் ஆகிறது. நுழைவுத் தடை 10 ஆண்டுகள் ஆகிறது. இவை இரண்டினும் பெரிய மாற்றம் மூன்றாவது ஒன்று. அதன் பெயர் 'திரும்பல் மையம்'.

ஒன்றியத்திற்கு வெளியே உள்ள ஏதேனும் ஒரு நாட்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வெளியேற்ற ஆணை பெற்றவரை அங்கே அனுப்பிவிடலாம் என்பதே இம்மையத்தின் பொருள். அவர் அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. அதன் மொழியை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஓர் இரவுகூட அங்கே தங்கியிருக்க வேண்டியதில்லை. துணையற்ற சிறுவர்களுக்கும் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் ஆணையத்தின் வரைவு விலக்கு அளித்தது. மற்றவர் எவருக்கும் அத்தகைய விலக்கு இல்லை. 2025 டிசம்பரில் உறுப்பு நாடுகளின் உள்துறை அமைச்சர்களும் இத்தகைய மையங்களுக்கு இசைவு தெரிவித்தனர். ஒருவர் ஒருபோதும் புறப்பட்டிராத இடத்திற்கு அவரை அனுப்புவது எவ்வாறு 'திரும்புதல்' ஆகும்? அதற்கு உரிய சொல் நாடு கடத்தல். இன்னும் நேர்மையாகச் சொன்னால், அப்புறப்படுத்தல்.

அளவுகோல் எது?

எல்லையே இருக்கக் கூடாது என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தன் நிலத்தில் யார் வாழலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஓர் அரசுக்கு உண்டு. உரிமை இல்லை என்று முறையாக விசாரித்து முடிவு செய்த பின் ஒருவரை அவருடைய நாட்டுக்கு அனுப்புவதும் அந்த அதிகாரத்துள் அடங்கும். ஆனால் அந்த அதிகாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நாம் திருமறையிலிருந்தே அறிகிறோம்.

அத்தவ்பா அத்தியாயம் போர்ச்சூழலில் அருளப்பட்டது. உடன்படிக்கையை முறித்த இணைவைப்பாளர்களைப் பற்றிய கடுமையான கட்டளைகள் நிறைந்தது. அதன் 6ஆம் வசனம், அந்தப் பகைவர்களில் ஒருவன் வந்து அடைக்கலம் கேட்டால் என்ன செய்வது என்று வகுத்துரைக்கிறது. அவனுக்கு அடைக்கலம் தர வேண்டும். அல்லாஹ்வின் வாக்கைக் கேட்க அவனுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். பின்னர் அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் அவனைக் கொண்டு சேர்க்க வேண்டும். அந்த இடத்தைக் குறிக்க அங்கே ஆளப்படும் அரபுச் சொல் 'மஃமன்'. அச்சமற்றிருக்கும் இடம் என்பது அதன் பொருள்.

சிந்தித்துப் பாருங்கள். அவன் நம்பிக்கையாளன் அல்லன். நேற்றுவரை வாளேந்தி எதிரே நின்றவன். அவன் நம்மிடமே தங்கிவிட வேண்டும் என்று வசனம் கட்டாயப்படுத்தவில்லை. அவன் மீண்டு செல்வதைப் பற்றியே பேசுகிறது. ஆனால் அந்த மீட்சி எங்கே முடிய வேண்டும் என்பதை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. அனுப்புபவனின் கடமை வாசற்படியோடு முடிவதில்லை. போய்ச் சேருபவன் அச்சமின்றி நிற்கும்வரை அது தொடர்கிறது. பகைவனுக்கே இது உரிமையென்றால், பகைமையே இல்லாமல் பிழைப்புத் தேடியும் உயிருக்கு அஞ்சியும் வந்தவனுக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவும் இதன் ஒரு பாதியைச் சொல்கிறது: உயிருக்கோ சுதந்திரத்திற்கோ அச்சுறுத்தல் உள்ள இடத்திற்கு அகதியைத் தள்ளக் கூடாது. அந்த உடன்படிக்கையை எழுதியதில் பெரும்பங்கு ஐரோப்பியருடையது. அன்று வீடிழந்து நின்றவர்களும் ஐரோப்பியர்களே.

ஆவணமற்றவர் உருவாகும் விதம்

எவரும் தாயின் வயிற்றிலிருந்து 'சட்டவிரோதி'யாகப் பிறப்பதில்லை. 1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் ஆள்சேர்ப்பு உடன்படிக்கை செய்தது. 1963இல் மொராக்கோவுடன் செய்தது. 1964இல் பெல்ஜியமும் மொராக்கோவுடன் செய்தது. சுரங்கத்திற்கும் உலைக்கும் ஆள் தேவைப்பட்டபோது பல்லையும் தசையையும் சோதித்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சென்றனர். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் ஜெர்மனி ஆள்சேர்ப்பை நிறுத்தியது. மறு ஆண்டு பிரான்ஸும் நிறுத்தியது. வேலை நிற்கவில்லை; வேலைக்கு வருவதற்கான சட்டப்படியான வழிதான் நின்றது. இன்றும் ஸ்பெயினின் அல்மெரியாப் பசுமைக்குடில்களிலும் தெற்கு இத்தாலியின் தக்காளி வயல்களிலும் குனிந்து நிற்பவர்களில் ஆவணமற்றவர் ஏராளம். அவர்கள் பறித்த காய் எல்லை தாண்டிச் சந்தைக்குப் போகிறது. பறித்த கைக்கு அந்த உரிமை இல்லை.

வேறு சிலர் முறையான விசாவில் வந்து, வேலை போனதும் உரிமையையும் இழந்தவர்கள். வேறு சிலர் புகலிடம் கேட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மறுக்கப்பட்டவர்கள். வளைகுடாவில் உறவினர் உள்ள நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளி கைவிட்டதும் ஆவணம் காலாவதியாகி, 'பொது மன்னிப்பு' எப்போது வரும் என்று காத்திருந்தவர்களை நாம் அறிவோம். அவர்களை நாம் குற்றவாளிகள் என்று அழைத்ததில்லை; சிக்கிக்கொண்டவர்கள் என்றே அழைத்தோம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2005இல் ஸ்பெயின் அரசு, வேலை ஒப்பந்தம் உள்ள ஆவணமற்றவர்களுக்கு உரிமம் வழங்கியது. ஐந்தரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் நிழலிலிருந்து வெளிச்சத்திற்கு வந்து, வரியும் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பும் செலுத்தலாயினர். ஸ்பெயின் மூழ்கிவிடவில்லை.

ஐந்தில் ஒருவர் என்னும் வாதம்

புதிய சட்டத்திற்கு ஆணையம் கூறும் முதன்மைக் காரணம் ஒரு கணக்கு: வெளியேற ஆணையிடப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே வெளியேறுகிறார். எனவே சட்டம் தளர்வாக உள்ளது, இறுக்க வேண்டும் என்கிறார்கள்.

இக்கணக்கை மறுபக்கமிருந்து படித்துப் பாருங்கள். ஆணை இடுவது எளிது. ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும். அந்த ஆணை நிறைவேற, அம்மனிதர் இன்னாரென்று அவருடைய நாடு ஒப்புக்கொள்ள வேண்டும், பயண ஆவணம் தர வேண்டும், அங்கே போக விமானம் வேண்டும், போனபின் அவர் உயிரோடு இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாதவர்மீதும் ஆணைகள் இடப்படுகின்றன. டென்மார்க் 2019 முதல், டமாஸ்கஸ் பாதுகாப்பானது என்று கூறிச் சிரிய அகதிகளின் உரிமத்தைப் பறிக்கத் தொடங்கியது. ஆனால் அன்றைய அசாத் அரசுடன் அதற்கு உறவு இருக்கவில்லை. எனவே கட்டாயமாக அனுப்ப இயலவில்லை. வாழவும் அனுமதியில்லை, போகவும் வழியில்லை என்ற நிலையில் அவர்கள் 'வெளியேறல் மையங்களில்' முடங்கினர். நிறைவேற்ற இயலாத ஆணைகளை இட்டுவிட்டு, அவை நிறைவேறவில்லை என்பதையே மேலும் கடுமைக்குச் சான்றாகக் காட்டுவது எந்த நியாயம்?

அந்த விகிதத்தை உயர்த்துவது என்பது, இறுதியில், மறுக்கும் ஓர் உடலை இருக்கையில் கட்டுவதுதான். 1998 செப்டம்பர் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், செமிரா அதாமு என்னும் 20 வயது நைஜீரியப் பெண்ணைக் காவலர்கள் விமானத்தில் ஏற்றினர். கட்டாயத் திருமணத்திற்கு அஞ்சித் தப்பி வந்தவர் அவர். குரல் எழுப்பாதிருக்க அவர் முகத்தைத் தலையணையில் அழுத்தினர். அன்றே அவர் இறந்தார். பெல்ஜியத்தின் உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அதுவரை அவர் ஓர் எண்ணாக இருந்தார். இறந்தபின்பே பெயராக ஆனார்.

கண்ணுக்கு எட்டாத தொலைவு

திரும்பல் மையத்தின் முன்னோட்டத்தை நாம் பார்த்தாகிவிட்டது. 2023 நவம்பரில் இத்தாலியப் பிரதமர் ஜோர்ஜா மெலோனியும் அல்பேனியப் பிரதமர் எடி ராமாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஷெங்ஜின் துறைமுகத்திலும் ஜாதர் என்ற சிற்றூரிலும் இத்தாலி முகாம்களைக் கட்டியது. 5 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 67 கோடி யூரோ செலவாகும் என்று கணக்கிடப்பட்டது. 2024 அக்டோபரில் முதல் கடற்படைக் கப்பல் 16 பேருடன் சென்றது: 10 பேர் வங்கதேசத்தவர், 6 பேர் எகிப்தியர். நால்வர் சிறுவர்களும் உடல்நலம் குன்றியவர்களுமாய் இருந்ததால் உடனே திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சிய 12 பேரையும் அங்கே அடைத்துவைக்க ரோம் நீதிமன்றம் மறுத்தது. எல்லாரும் இத்தாலிக்கே வந்து சேர்ந்தனர். 2025 ஆகஸ்ட் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது: ஒரு நாட்டைப் பாதுகாப்பானது என்று அரசு அறிவித்தால், அதற்கான ஆதாரத்தை வெளிப்படுத்த வேண்டும், அந்நாடு மக்களில் எல்லாப் பிரிவினருக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இதற்கிடையே 2025 ஏப்ரல் முதலே ஜாதர் முகாம், வெளியேற்ற ஆணை பெற்றவர்களை அடைக்கும் இடமாக மாற்றப்பட்டிருந்தது.

பிரிட்டன் ருவாண்டாவை வைத்து ஆடிய ஆட்டமும் இதுவே. 2022இல் அறிவித்தார்கள், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, 2024இல் புதிய அரசு கைவிட்டது. அவ்வரசின் கணக்கின்படி 70 கோடி பவுண்டு செலவு. சென்றவர்கள் தாமாக இசைந்த நால்வர்.

தாம் கண்டிராத நாட்டிற்கு மனிதர்களை 'அனுப்பிவைக்கும்' வழக்கம் ஐரோப்பாவுக்குப் புதிதன்று. 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பு, மொரிஸ்கோக்களைக் கப்பலேற்றினார். அவர்கள் பல தலைமுறையாக அம்மண்ணில் பிறந்தவர்கள். ஞானஸ்நானம் பெறும்படி கட்டாயப்படுத்தப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள். ஏறக்குறைய 3 லட்சம் பேர் வட ஆப்பிரிக்காவின் அறியாத கரைகளில் இறக்கிவிடப்பட்டனர். அன்று துனிஸ் அவர்களுக்கு நிலம் கொடுத்தது. தெஸ்தூர் போன்ற ஊர்கள் அவர்கள் எழுப்பியவை.

அதே துனிசியாவுடன்தான் 2023 ஜூலையில் ஒன்றியம் ஓர் உடன்பாடு செய்தது. எல்லைக் காவலுக்கென மட்டும் 10 கோடியே 50 லட்சம் யூரோ. அதே ஜூலையில் துனிசியப் படையினர் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, லிபிய எல்லைப் பாலைவனத்தில் தண்ணீரின்றி விரட்டிவிட்டதை உலகம் பார்த்தது. அகதியை அணைத்த மண், அகதியை விரட்டக் கூலி பெறும் மண்ணாயிற்று.

அன்பளிப்புடன் வந்த தூதர்கள்

2016 மார்ச் 18 அன்று துருக்கியுடன் செய்த ஏற்பாட்டிற்கு 600 கோடி யூரோ. தம் குடிமக்களைத் திரும்ப ஏற்பதில் ஒத்துழைக்காத நாடுகளுக்கோ விசாத் தண்டனை. 2021இல் சிறிய, ஏழை முஸ்லிம் நாடான காம்பியாமீது அதனை ஏவினர். இலங்கையுடன் செய்த மீளேற்பு உடன்படிக்கை 2005இலேயே நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய ஆண்டுகள் அதன் பின்னரே வந்தன. பாகிஸ்தானுடன் செய்தது 2010இல் நடைமுறைக்கு வந்தது. கொடுத்தும் மிரட்டியும் மனிதர்களை இடம் மாற்றும் இந்த வாணிகத்தைப் பார்க்கும்போது, நம் வரலாற்றின் முதல் ஹிஜ்ரத்தை நினையாதிருக்க முடியவில்லை.

மக்காவின் கொடுமை தாங்காமல் நபித்தோழர்கள் அபிசீனியா சென்றனர். அவர்களிடம் அனுமதிச் சீட்டு இல்லை. தங்கள் ஊர்த் தலைவர்களின் விருப்பத்தை மீறி, இரவோடு இரவாகக் கடல் கடந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக் குறைஷிகள் இரு தூதர்களை அனுப்பினர்: அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத அம்ரு பின் ஆஸ், உடன் அப்துல்லாஹ் பின் அபீ ரபீஆ. அபிசீனியர் விரும்பும் உயர்ந்த தோல் பொருட்களை அன்பளிப்பாகக் கொண்டு சென்றனர். முதலில் அரசவையினருக்குக் கொடுத்தார்கள். வந்தவர்களைப் பேசவிடாமலே ஒப்படைத்துவிடுமாறு மன்னருக்கு ஆலோசனை கூறும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நேரில் கண்டு அறிவித்த செய்தி இது.

நஜ்ஜாஷி மன்னர் சினங்கொண்டார். தம் நிழலைத் தேடி வந்தவர்களை, அவர்கள் சொல்வதைக் கேளாமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார். அழைத்தார். ஜஃபர் (ரலி) அவர்களைப் பேசவிட்டார். கேட்டார். மறுநாள் தூதர்கள் சமயத்தின் பெயரால் மூட்டிவிடப் பார்த்தபோதும் மீண்டும் கேட்டார். இறுதியில் அன்பளிப்புகளைத் தூதர்களிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அபிசீனியாவிலிருந்து அன்று திருப்பி அனுப்பப்பட்டது அந்தத் தோல் பொருட்கள் மட்டுமே.

நஜ்ஜாஷி அப்போது ஒரு கிறிஸ்தவ மன்னர். ஐரோப்பாவின் கிறிஸ்தவ வேரைக் காக்கவே எல்லையை மூடுகிறோம் என்று மேடைதோறும் முழங்குவோர், அந்தக் கிறிஸ்தவ அரசரின் அவையில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். அங்கே அன்பளிப்பு கொண்டு வந்தது யார், அதைத் தள்ளியது யார், தாம் இன்று எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது விளங்கும்.

மூன்று மறுப்புகள்

ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களே, தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப உடன்படவில்லையா என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். விலங்குடன் தடுமாறி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆனால் அந்த நிபந்தனையைக் கேட்டது வலிமை மிக்க மறுதரப்பு. அது நபித்தோழர்களின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அல்லாஹ் ஒரு வழியைத் திறப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஆறுதல் கூறினார்கள். நம்பிக்கை கொண்டு தப்பி வரும் பெண்களைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று அல்மும்தஹினா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் தடுத்துவிட்டது. சில காலத்தில் குறைஷிகளே அந்த நிபந்தனையை விட்டுவிடும்படி வேண்டிக்கொண்டனர். நெருக்கடியில் ஏற்கப்பட்டு, இறைவனால் வரம்பு கட்டப்பட்டு, கேட்டவர்களாலேயே கைவிடப்பட்ட ஒரு நிபந்தனையை, வலியவன் எளியவன்மீது தானாக எழுதும் சட்டத்திற்கு ஆதாரமாக்குவது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் சொலிங்கன் நகர விழாவில் மூவர் குத்திக் கொல்லப்பட்டனர். குத்தியவன், பல்கேரியாவுக்கு அனுப்பப்பட வேண்டியிருந்தும் அனுப்பப்படாத சிரியன். அக்கொலையை நாம் எந்தச் சொல்லாலும் மழுப்பக் கூடாது, அது பெரும்பாவம். கொலையாளியைச் சிறையிலிடுங்கள், நீதிமன்றம் தண்டிக்கட்டும். ஆனால் ஒருவனின் பாவச் சுமையை இன்னொருவன்மீது ஏற்றுவதை இஸ்லாமும் ஏற்காது, ஐரோப்பாவின் குற்றவியல் சட்டமும் ஏற்காது. தக்காளி பறிப்பவனை 24 மாதம் பூட்டிவைப்பதால் சொலிங்கனில் இறந்தவர்களுக்கு எந்த நீதியும் கிட்டாது.

மூன்றாவது, விசா என்பது உடன்படிக்கை, அதை மீறலாமா என்பது. மீறலாகாது. வாக்குறுதியைக் காப்பது முஸ்லிமின் கடமை. பொய் ஆவணத்தை மார்க்கத்தின் பெயரால் எவரும் நியாயப்படுத்த வேண்டாம். எனினும் உடன்படிக்கையை மீறியவன் தன் மனிதத் தன்மையை இழந்துவிடுவதில்லை. மீறலுக்குத் தக்க விளைவு ஒன்று உண்டு. அறியாத நாட்டில் கம்பி வேலிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடப்பது அந்த விளைவன்று.

நம் முற்றத்துக் குப்பை

ஐரோப்பாவைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். 2023 அக்டோபரில் பாகிஸ்தான், ஆவணமற்ற ஆப்கானியர் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு தோர்க்கம் எல்லையில் நின்றனர். 2025இல் ஈரானிலிருந்து பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட ஆப்கானியர் திரும்பினர். விரட்டப்பட்டோர் அவர்களில் மிகப் பலர். வளைகுடா அரசுகள் 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இணையவே இல்லை. விரட்டப்பட்டவரும் முஸ்லிம், விரட்டியவரும் முஸ்லிம். அன்சாரிகளின் வரலாற்றை மிம்பரில் கண்ணீர் மல்கக் கேட்கும் சமுதாயம் இதைக் கண்டு வாய்மூடி இருந்தது. ஐரோப்பாவின் அநீதியைக் கண்டிக்கும் உரிமை, இதையும் கண்டிப்பவருக்கே உண்டு.

எனவே ஐரோப்பாவுக்கும் நமக்கும் ஒரே அளவுகோல்தான். அடைக்கலம் கேட்டவன் சொல்வதை முழுமையாகக் கேட்டீர்களா? விலை பேசாமல் முடிவெடுத்தீர்களா? போகத்தான் வேண்டுமென்றால், அச்சமற்ற இடத்தில் கொண்டு சேர்த்தீர்களா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்ல இயலாத எந்தச் சட்டமும், எந்தக் கொடியின் கீழ் இயற்றப்பட்டாலும், அநீதியே.

ஐரோப்பாவில் வாக்குரிமை பெற்று வாழும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு சொல். குடியுரிமை கிடைத்ததும் கதவை உள்ளிருந்து தாழிடும் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். உங்கள் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு, எவருடனும் பேசாமல் விரைந்து வெளியேறுபவரைக் கவனியுங்கள். அவருக்கு ஒரு வழக்கறிஞரின் முகவரி தேவைப்படலாம். மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவை எண்ணிச் சொல்ல ஒருவர் தேவைப்படலாம். ஜகாத் பெற உரிமையுள்ள எண்மரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். அந்த வழிப்போக்கரைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

நபி (ஸல்) அவர்கள் தம் ஊரிலிருந்து விரட்டப்பட்டவர்கள். அவர்களின் உம்மத்தினர், விரட்டப்படுபவரின் பக்கம் நிற்பதைத் தவிர வேறு இடம் தேடலாகாது. அச்சத்தில் உள்ளோர் அனைவருக்கும் அல்லாஹ் ஒரு மஃமனை அளிப்பானாக. அதற்குக் கருவியாக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.